கானமயிலா, கரண்டா? இந்தத் தலைப்பு எனக்கு உறுத்துது

கரிசல்பேனா (பதிவு 1)

வணக்கம். மின்வாரியத்துல வேலை பார்த்தவங்க, பறவை பார்க்கிறவங்க, வடக்கே சோலார் வேலைக்குப் போனவங்க எல்லாரும் இந்தக் குழுவில் இருக்கீங்க. அதனாலதான் இங்கே கேட்கிறேன்.

ஒரு மாத இதழுக்காக 1,200 சொல்லில் கட்டுரை கேட்டிருக்காங்க. தார் பாலைவனத்துக் கானமயில் (ஆங்கிலத்தில் Great Indian Bustard), அங்கே எழும்பும் சூரிய மின் நிலையங்கள், உச்ச நீதிமன்ற வழக்கு, இதுதான் பொருள். எழுதுறதுக்கு முன்னாடியே தலைப்பும் முடிவாகிடுச்சு: "கானமயிலா, கரண்டா?"

மூணு வாரமா வாசிச்சுட்டிருக்கேன். வந்த செய்திகளில் பாதிக்கு மேல் இதே தராசுதான். ஒரு தட்டில் நூத்துச் சொச்சம் பறவை, இன்னொரு தட்டில் புவி வெப்பமாதல். இப்படி வச்சா வாசகர் எந்தப் பக்கம் சாய்வார்னு கேட்கவே வேண்டாம்.

வழக்கின் கதையைச் சுருக்கமா சொல்றேன், தப்பிருந்தா திருத்துங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வரைந்ததில் முக்கியப் பங்கு உள்ளவர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.கே. ரஞ்சித்சிங். 2019இல் அவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டாங்க. 2021 ஏப்ரல் 19இல் தலைமை நீதிபதி பாப்டே அமர்வு, ராஜஸ்தானிலும் குஜராத்திலும் இந்தப் பறவை வாழும் பகுதிகளில் மின்கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. முடியுமா முடியாதான்னு பார்க்க ஒரு குழு, அதுவரை கம்பியில் பறவை விலக்கிகள். ஒன்றிய அரசு, இது சுமார் 99,000 சதுர கிலோமீட்டரைத் தொடுது, நடைமுறைக்கு ஒத்துவராதுன்னு திரும்பப் போச்சு. 2024 மார்ச் 21இல் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழு அமைச்சது. பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை, அரசமைப்பின் 14 (சமத்துவம்), 21 (உயிர்வாழும் உரிமை) பிரிவுகளுக்குள் வரும்னு சொன்னதும் அதே தீர்ப்புதான். மகிழ வேண்டிய வரி. ஆனா ஒரு பறவைக்கான காப்பு தளர்ந்த இடத்தில் அந்த வரி பிறந்ததை என்னால் லேசா கடந்துபோக முடியல.

2025 டிசம்பரில் அடுத்த தீர்ப்பு. ராஜஸ்தானில் 14,013, குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டரை முன்னுரிமைப் பகுதின்னு வரையறுத்து, அதுக்குள்ளே புதுக் காற்றாலை வேண்டாம், பெரிய மின்பாதைகள் குறிப்பிட்ட வழித்தடத்திலேயே போகட்டும்னு ஏற்பாடு.

என் கேள்வி: உண்மையான மோதல் எங்கே இருக்கு? பறவைக்கும் கரண்டுக்கும் நடுவிலா, வேற எங்கேயாவதா?

---

புல்குருவி (பதிவு 2)

நல்ல கேள்வி அண்ணா. பறவைப் பக்கத்தை நான் சொல்றேன்.

முதல்ல பெயர். ஒரு செய்தித்தாளில் இதை "வான்கோழி இனம்"னு போட்டிருந்தாங்க, இன்னொண்ணுல "நாரை". ரெண்டும் இல்லை. பள்ளிப்பாட்டில் வர்ற கான மயில், காட்டில் ஆடுற நம்ம மயில்தான். இது அதுவும் இல்லை. ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரைக்கும் கனக்கும். பறக்கக்கூடிய பறவைகளில் இவ்வளவு கனமானவை உலகத்திலேயே சிலதான். அங்கே "கோடாவண்"ம்பாங்க, ராஜஸ்தானின் மாநிலப் பறவை. 1960களில் தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்கும்போது சாலிம் அலி இதைத்தான் முன்மொழிஞ்சார். மயில் வந்தது. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் ஒருகாலத்தில் இருந்த பறவை. நம்மகிட்ட இப்ப பெயர் மட்டும் இருக்கு.

கம்பியில் ஏன் மோதுது? கண் இருக்கிற இடம் அப்படி. தலையின் ரெண்டு பக்கமும் கண். பக்கவாட்டில் நரி வர்றது தெரியும், நேர் முன்னாடி பார்க்கிற பரப்பு ரொம்பக் குறுகல். பறந்துகிட்டே இரை தேடித் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினா, போற திசையே அதுக்குத் தெரியாது. பொட்டல் வெளியில் ஆயிரமாயிரம் வருஷமா குறுக்கே எதுவுமே இல்லாம இருந்துச்சு, அதனால முன்னாடி பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. கடைசி நொடியில் கம்பியைக் கண்டாலும், 15 கிலோ உடம்பைச் சட்டுன்னு திருப்ப முடியாது.

இன்னொண்ணு, வருஷத்துக்கு ஒரு முட்டை. தரையில, புல்லுக்கு நடுவுல. அதையும் நாய், நரி, உடும்பு விட்டுவைக்கணும்.

டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் 2017-18இல் தார் பகுதியில் கணக்கிட்டது 128, கூடக்குறைய 19. அதே நிறுவனம் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் வருஷத்துக்குச் சுமார் 84,000 பறவைகள், எல்லா இனமும் சேர்த்து, கம்பியில் மோதிச் சாகுதுன்னு மதிப்பிட்டது. தார் முழுக்க அப்படிச் சாகுற கானமயில் மட்டும் வருஷத்துக்கு 18. அந்த 128இல் நூத்துக்கு 14. வருஷம் ஒரு முட்டை போடுற இனம் இதை எத்தனை வருஷம் தாங்கும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

குஜராத்தில் கட்ச் மாவட்டத்து அப்தாசா பகுதியில் எஞ்சியதெல்லாம் பெண் பறவைகள். விரல்விட்டு எண்ணலாம். ஆண் பறவையே இல்லை. இதை எழுதும்போதே நெஞ்சு கனக்குது.

---

மின்தடம் (பதிவு 3)

தம்பி கரிசல்பேனா, நான் 31 வருஷம் டிரான்ஸ்மிஷன் லைன் கட்டுமானத்தில் இருந்தவன். தென்மாவட்டக் காற்றாலை மின்சாரத்தை வெளியே கொண்டுவர 110 கேவி (கிலோவோல்ட்), 230 கேவி லைன் இழுத்ததில் என் கையும் உண்டு. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

செய்தியில் "மின்கம்பி"ன்னு ஒரே சொல்லில் முடிச்சுடறாங்க. அங்கேதான் குழப்பமே தொடங்குது. லைனுக்கு லைன் வேறுபாடு இருக்கு.

11 கேவி, 33 கேவி லைனை மண்ணுக்கடியில் போடுறது அன்றாட வேலை. சென்னைக்குள்ளே 230 கேவி கேபிளே மண்ணுக்கடியில் ஓடுது. செலவு பல மடங்கு, பழுது பார்க்க நாளாகும், ஆனா முடியும். 400 கேவி, 765 கேவின்னு வந்தா கதை மாறுது. கேபிளில் உள்ளே கண்டக்டர், சுற்றி இன்சுலேஷன், அதுக்கு வெளியே உலோக உறை. இந்த அமைப்பு நீள நெடுக ஒரு கெப்பாசிட்டர் மாதிரி ஆயிடும். மாறுமின்னோட்டத்தில் கேபிள் நீளமாக நீளமாக, அதை நிரப்பிக் காலி பண்ணவே மின்னோட்டம் போயிடும். கடைசியில் சுமைக்குன்னு மிஞ்சுறது குறைச்சல். நடுவுல நடுவுல அதைச் சரிக்கட்ட ரியாக்டர்ங்கிற மின்கருவி வைக்கணும். சில நூறு மீட்டருக்கு ஒரு ஜாயிண்ட், ஒவ்வொரு ஜாயிண்டும் பழுதாக வாய்ப்புள்ள இடம். 765 கேவியை நூறு கிலோமீட்டர் மண்ணில் புதைக்கச் சொன்னா "முடியாது"ன்னு அரசுத் தரப்பு சொன்னதில் பொய் இல்லை.

ஆனா அதைக் காரணம் காட்டி 33 கேவியையும் 66 கேவியையும் சேர்த்து "முடியாது" பட்டியலில் போட்டாங்கன்னா அதை நான் ஏத்துக்கமாட்டேன். கானமயில் இரை தேடி இடம் மாறும்போது தாழப் பறக்கும்னு சொல்றாங்க. தாழ இருக்கிற லைனெல்லாம் இந்த ரகம்தான்.

இன்னொரு விஷயம், யாரும் எழுதாதது. பெரிய டவரில் உச்சியில் போற கம்பியைப் பார்த்திருக்கீங்களா? அது எர்த் வயர். இடியைத் தாங்குறதுக்கு. கரண்ட் போறதில்லை, அதனால மெல்லிசு. கீழே தடியா போற கண்டக்டரைப் பார்த்துட்டுப் பறவை மேலே எழும்பும், எழும்பின இடத்தில் இந்த மெல்லிசுக் கம்பி. நிறைய மோதல் அதில்தான். பறவை விலக்கி மாட்டணும்னா அங்கேதான் முதலில் மாட்டணும்.

விலக்கின்னா பெரிய மந்திரம் இல்லை. காத்துக்குச் சுழல்ற, வெளிச்சத்தில் மின்னுற தகடு. வெயிலிலும் மணல்காத்திலும் கொஞ்ச வருஷத்தில் பிளாஸ்டிக் வெடிக்கும், தகடு உதிரும். மாட்டினது எத்தனைன்னு செய்தி வருது. மூணு வருஷம் கழிச்சு எத்தனை தொங்குதுன்னு யாராவது போய் எண்ணினாங்களான்னு கேளுங்க. அந்தக் கேள்வியைக் கட்டுரையில் வைங்க.

---

கழிமுகத்தான் (பதிவு 4)

எல்லாரும் சொல்றதை மதிக்கிறேன். ஆனா நான் வேற இடத்தில் நிற்கிறேன், அதையும் கேளுங்க.

கடலோர அனல் மின் நிலையம் ஒண்ணு. அதோட சாம்பல் குட்டைக்கு 2 கிலோமீட்டரில் எங்க வீடு. குழாய் உடைஞ்சா சாம்பல் ஆத்துக்கு வரும். எங்க அப்பா இறால் தடவிப் பிடிச்ச இடத்தில் இப்ப முழங்கால் வரைக்கும் சாம்பல் சேறு. வீட்டில் ரெண்டு குழந்தைகளுக்கு இழுப்பு. நிலக்கரி என்னைக்கு நிற்குமோ அன்னைக்குத்தான் எங்களுக்கு மூச்சு.

2030க்குள் 500 கிகாவாட் புதைபடிவம் சாராத மின்திறன்னு 2021 கிளாஸ்கோவில் அரசு சொன்னப்ப நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அந்த மின்சாரம் எங்கே விளையும்? ராஜஸ்தானில். அங்கே இருக்கிற பட்லா சூரிய மின் பூங்கா மட்டும் 2,245 மெகாவாட். அங்கே லைன் போட விடாம வழக்கு நடந்தா, அந்தந்த நாள் இங்கே கரி எரியும். 2025இல் ராஜஸ்தானில் பகல்நேர சோலார் மின்சாரத்தை வெளியே கொண்டுபோக லைன் போதாம உற்பத்தியையே குறைக்கச் சொன்னாங்க. வெயில் இருக்கு, பேனல் இருக்கு, கம்பி இல்லை.

பறவைக்காகக் கண் கலங்குறவங்க எங்க கழிமுகத்துப் பறவைக்கும் கலங்கணும். அங்கேயும் பூநாரை வந்துச்சு.

---

கரிசல்பேனா (பதிவு 5)

கழிமுகத்தான், உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். இது இல்லாம என் கட்டுரை நேர்மையா இருக்காது. உங்க சாம்பலை எழுதாம கானமயிலை மட்டும் எழுத மாட்டேன்.

---

சேவண்புல் (பதிவு 6)

அண்ணே, நான் திருச்சுழி பக்கம். ஜெய்சல்மர் மாவட்டத்துல சோலார் சைட்ல 4 வருஷமா சூப்பர்வைசர். இந்த இழையைப் பார்த்ததுமே எழுதணும்னு தோணிச்சு. தமிழ் டைப் பண்றது மெதுவா வரும், பொறுத்துக்கோங்க.

நான் வந்த முதல் வருஷம் "பாலைவனம், ஒண்ணுமே கிடையாது"ன்னுதான் நினைச்சேன். மணல்மேடு கொஞ்ச இடத்துல மட்டும்தான். மீதியெல்லாம் கட்டாந்தரையும் புல்லும். சேவண்ங்கிற புல், இடுப்பளவு வளரும், ஒரு மழை பெஞ்சா போதும் குத்துக்குத்தா பச்சை பிடிச்சுக்கும். ஆடு, ஒட்டகம், மாடு எல்லாம் அதுலதான். எங்க ஊர் கரிசல்ல மழைக்கு அப்புறம் மேய்ச்சல் வருமே, அதே மாதிரி ஆளுங்க குடும்பத்தோட வர்றாங்க.

எங்க வண்டி டிரைவர் உள்ளூர்க்காரர், வயசு 60 இருக்கும். ஒருநாள் வேலியை ஒட்டி ஒரு மரத்தை வெட்டிப் போட்டிருந்தாங்க. அவரு வண்டியை நிறுத்தி இறங்கிட்டாரு. பேசவே இல்லை. வெட்டின மரத்துமேல கொஞ்ச நேரம் கை வச்சு நின்னாரு. அங்கே கேஜ்ரின்னு சொல்றாங்க. நான் இலையையும் முள்ளையும் பார்த்தேன். அண்ணே, அது நம்ம வன்னி மரம். எங்க ஊர்ச் சிவன் கோயில்ல சுத்தி வந்து கும்பிடுற அதே வன்னி. 1730ல ஜோத்பூர் பக்கம் கேஜர்லி ஊர்ல இந்த மரத்தை வெட்ட விடாம கட்டிப்பிடிச்சு 363 பிஷ்னோய் சமூகத்து ஜனங்க உயிரை விட்டாங்க, அம்ரிதா தேவின்னு ஒரு அம்மா தலைமையில. அந்தக் கதையை அவர் எங்கிட்ட சொன்னப்ப, நான் சம்பளம் வாங்குற வேலை வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. பிகானேர் பக்கம் சோலாருக்காக கேஜ்ரி வெட்டுறதை எதிர்த்து ஜனங்க ரோட்டுக்கே வந்தாங்க.

கானமயிலை நான் நேர்ல பார்த்தது ஒரே தடவை, பொக்ரான் பக்கம், தூரத்துல. ராணுவம் குண்டு போட்டுப் பழகுற வெளி அது. ஆளுங்க உள்ளே போக முடியாது, அதனாலயே அது அங்கே பிழைச்சுக் கிடக்குன்னு டிரைவர் சொன்னாரு. கழுத்து வெள்ளையா நட்டுக்கிட்டு நடந்து போச்சு. அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு.

செத்த பறவையை நிறைய தடவை பார்த்திருக்கேன். குர்ஜான்னு ஒரு கொக்கு, மங்கோலியாப் பக்கத்துல இருந்து குளிர்காலத்துக்கு வரும். பலோதி பக்கம் கீச்சன் கிராமத்துல ஜனங்களே தானியம் போட்டு வளர்க்கிறாங்க, ஆயிரக்கணக்குல இறங்கும். பனி மூடின ஒரு காலையில எங்க சைட்டுக்கு வர்ற லைனுக்கு கீழ ஒண்ணு கிடந்துச்சு. ரெக்கை ஒடிஞ்சு இன்னும் உயிர் இருந்துச்சு. பக்கத்துலயே இன்னொண்ணு நின்னுக்கிட்டு நகரவே மாட்டேன்னுச்சு. பத்து மணிக்கு வெயில் ஏறுற வரைக்கும் நின்னுச்சு.

இதனால நான் சோலார் வேண்டாம்னு சொல்லல. எங்க வீட்டு அடுப்பு இந்தச் சம்பளத்துலதான் எரியுது, நான் மாட்டுற பேனல் நல்லதுக்குன்னு நம்புறேன். நான் கேக்கிறது ஒண்ணுதான். இந்த லைனை 6 கிலோமீட்டர் சுத்திக் கொண்டுபோயிருக்கலாம்னு எங்க சைட்ல எல்லாருக்கும் தெரியும். சுத்தினா டவர் கூட, காசு கூட, நாள் கூட. அவ்வளவுதான் விஷயம்.

---

மின்தடம் (பதிவு 7)

சேவண்புல் தம்பி சொன்ன கடைசி வரிதான் முழு உண்மை. லைன் எந்த வழியில் போகணும்னு முதல் சர்வே நடக்கிறப்ப வரைபடத்தில் பென்சில் கோடு. அப்ப மாத்துறது எளிது. டவர் ஏறின பிறகு கோர்ட்டுக்குப் போனா எல்லாருக்கும் நஷ்டம். கோயில், வீடு, ஏரி வந்தா நாங்க வளைச்சுத்தான் போட்டோம். யானை வழித்தடம்னா கம்பியை உயர்த்திப் போட்டோம். பறவை போற வழி எங்க வரைபடத்தில் இருந்ததே இல்லை. யாரும் கொடுக்கவும் இல்லை, நாங்க கேட்கவும் இல்லை. அதில் எனக்கும் பங்கு இருக்கு.

---

மாணவி_சுற்றுச்சூழல் (பதிவு 8)

தார் பற்றிப் படிக்கும்போது "ஓரண்" என்ற சொல் அடிக்கடி வருகிறது. காடு என்றும் சொல்கிறார்கள், அரசு ஆவணத்தில் காடு இல்லை என்றும் வருகிறது. யாராவது விளக்க முடியுமா?

---

பழையகணக்கு (பதிவு 9)

நம் ஊர்க் கோயில் காடுகளை நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஒரு தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட நிலம். மேய்க்கலாம், விழுந்த சுள்ளி பொறுக்கலாம், கோடாரி படக்கூடாது. ஜெய்சல்மர் அருகே தேக்ராய் ஓரண் அப்படி ஒன்று. மரம், புல், குளம், பறவை எல்லாம் உள்ள இடம். பல ஓரண்கள் வருவாய்ப் பதிவில் தரிசு என்றே கிடக்கின்றன. தரிசு என்றால் குத்தகைக்கு விடத் தடையில்லை.

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். அ பதிவேட்டில், அதாவது கிராம நிலக் கணக்கில், எத்தனையோ ஆயிரம் வரி எழுதியிருக்கிறேன். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு. இந்தச் சொற்களெல்லாம் ஒரே கேள்விக்கான விடை: இதிலிருந்து வரி வருமா? வெள்ளைக்காரர் காலத்து வருவாய்க் கணக்கு அது. அங்கே என்ன முளைக்கிறது, யார் மேய்க்கிறார்கள், எது முட்டையிடுகிறது என்று எந்தக் கலமும் கேட்காது. நாடு முழுவதற்கும் தரிசு நில வரைபடம் இன்றும் வெளிவருகிறது, புல்வெளிகளில் பெரும்பகுதி அதற்குள்தான்.

2024 டிசம்பர் 18இல் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் இப்படிப்பட்ட புனிதத் தோப்புகளை அளந்து காடாக அறிவிக்கச் சொன்னது. அது எந்த வழக்கில் தெரியுமா? டி.என். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. 1995இல் நீலகிரி கூடலூர்க் காட்டு மரங்களுக்காகத் தொடங்கியது. கூடலூரில் எழுந்த குரல் முப்பது ஆண்டு கழித்து தாரில் கேட்கிறது.

கரிசல்பேனா கேட்ட மோதல் எங்கே இருக்கிறது என்றால், என் கணிப்பில் இந்தப் பதிவேட்டில் இருக்கிறது. ஒரு நிலத்தை வெறும் நிலம் என்று எழுதிய நாளில் பாதித் தீர்ப்பு ஆகிவிட்டது.

---

மன்னார்க்கரை (பதிவு 10)

உங்கட கதையள வாசிக்க எங்கட தீவு கண்ணுக்குள்ள நிக்குது. நான் மன்னாரில் இருந்து எழுதுறன்.

எங்கட தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலை திறந்தவை, 30 கோபுரம், 100 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் கூட. அதுக்குப் பிறகு அதானி நிறுவனம் 250 மெகாவாட் போட வந்தது. இயற்கை அமைப்புகளும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றம் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி) போனவை. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் தானாகவே விலகிட்டுது. பிறகு வேற ஒரு திட்டம், 14 கோபுரம். 2025 ஆகஸ்டில் சனம் இரவிரவா வீதியில் இருந்து மறிச்சது. சனாதிபதி ஒரு மாதம் நிறுத்தி வைச்சார். செப்டம்பர் கடைசியில் பொலிஸ் காவலோட சாமான் ஏத்தி வந்தவை, அடிபாடு.

கொழும்புப் பத்திரிகையள் என்ன எழுதினவை? "பறவைகளுக்காகப் போராட்டம்". மத்திய ஆசியாவில் இருந்து வாற பறவையளின்ர பாதை எங்கட தீவுக்கு மேலால போகுது, உண்மை. வங்காலை சரணாலயம் 2010இல் ராம்சார் இடமாச்சுது (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்), உண்மை. பூநாரை வந்தால் கடல் இளஞ்சிவப்பாத் தெரியும். ஆனால் சனம் கதைச்சதில் பாதி வேற. கோபுரத்துக்குப் போற பாதைக்கு மண் உயர்த்தினதில் மழைத்தண்ணி வடியாமல் வீட்டுக்க நிக்குது எண்டு பெண்கள் சொன்னவை. கரைவலைக்காரர் மீன் குறைஞ்சது எண்டு சொன்னவை. இல்மனைட் எண்ட கனிம மண் அகழ வாறாங்கள் எண்ட பயமும் அதோட சேர்ந்தது. பறவையும் வெள்ளமும் மீனும் எங்களுக்கு ஒரே கதை. செய்தியில் பறவை மட்டும் வந்தது, ஏனெண்டால் படம் வடிவு.

காற்றாலையே வேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஏன் எங்கட சின்னத் தீவுக்குள்ள, ஏன் எங்களைக் கேக்காமல், அதுதான் கேட்டது. அந்தக் கேள்வியை எழுதின ஆக்கள் குறைவு.

---

கழிமுகத்தான் (பதிவு 11)

மன்னார்க்கரை அண்ணா, எங்களையும் இப்படித்தான் யாரும் கேட்கல. அனல் நிலையம் வந்தப்பவும் அந்த நிலத்துக்குப் பேர் புறம்போக்குதான்.

என் நிலையை மாத்திக்கலை. கரி நிற்கணும், சீக்கிரம் நிற்கணும். ஆனா பறவை குறுக்கே நிற்குதுங்கிற மாதிரி நான் எழுதினது தப்பான எதிரியைக் காட்டினதா இப்ப தோணுது. 6 கிலோமீட்டர் சுத்துறதுக்கு ஆகிற செலவை யார் தலையில் கட்டலாம்னு ஒரு கூட்டத்தில் யாரோ முடிவு பண்றாங்க. எங்க ஊர்ச் சாம்பல் குழாயை மாத்துற செலவும் அப்படித்தான் தள்ளிப்போச்சு.

---

மின்தடம் (பதிவு 12)

தம்பி, கட்டுரைக்கு இன்னொரு திருத்தம். 2025 ஜூலையில் "இந்திய மின்சாரத்தில் பாதி பசுமை"ன்னு தலைப்புப் பார்த்தேன். பாதின்னு அரசு சொன்னது நிறுவுதிறனை, அதாவது எவ்வளவு உற்பத்தி பண்ண முடியும்னு காட்டுற மெகாவாட்டை. அதில் அணுமின்சாரமும் பெரிய அணைகளும் சேர்த்தி. உண்மையில் உற்பத்தியான யூனிட்டை எடுத்தா சுமார் எழுபது சதவீதம் இன்னும் நிலக்கரிதான். சோலார் ராத்திரியில் வராது, காத்து சீசனுக்குத்தான் வரும். மெகாவாட்டையும் யூனிட்டையும் கலந்து எழுதினா, வேலை முடிஞ்சுபோச்சுங்கிற நினைப்பு வாசகருக்கு வந்துடும். கழிமுகத்தான் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கும்.

சேமிப்பு பேட்டரி வந்தா இதே லைனில் சாயங்காலமும் மின்சாரம் அனுப்பலாம், புது லைன் தேவை கொஞ்சம் குறையும். கூரை சோலாருக்குப் பெரிய லைனே வேண்டாம். இதையும் ஒரு வரி எழுதுங்க.

---

புல்குருவி (பதிவு 13)

ஒரு நல்ல செய்தியும் சேர்த்துக்கோங்க அண்ணா. 2019இல் இருந்து காட்டு முட்டைகளை எடுத்து ஜெய்சல்மரின் சாம் மையத்தில் பொரிக்க வைக்கிறாங்க. ராம்தேவ்ராவில் இன்னொரு மையம். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் ஒரு குஞ்சு பிறந்தது. மையங்களில் வளர்றவை 60ஐத் தாண்டியாச்சு. அங்கே வேலை பார்க்கிறவங்க பொறுமைக்கு ஈடே கிடையாது. ஆனா ஒருநாள் அதுகளை வெளியே விடணும். விடுற இடத்தில் புல் இருக்கணும், கம்பி இருக்கக்கூடாது. நாய்த் தொல்லையும் பூச்சிமருந்தும் தனிக் கதை, கம்பியை மட்டும் குற்றவாளியாக்கிட்டு அதையெல்லாம் விட்டுடாதீங்க.

---

கரிசல்பேனா (பதிவு 14)

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் குழுவிடம் தலைப்பை மாத்தப் பேசிட்டேன், "கம்பி எந்த வழியாகப் போக வேண்டும்?"னு வைக்கச் சம்மதிச்சுட்டாங்க. தொடக்கப் பத்தி இப்படி:

"ஜெய்சல்மர் மாவட்டத்துத் தரிசு வெளியில், சூரிய மின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒரு மின்பாதையை 6 கிலோமீட்டர் சுற்றிக் கொண்டுபோயிருக்கலாம் என்று அங்கே வேலை செய்யும் ஒரு திருச்சுழிக்காரர் சொல்கிறார். அந்த 6 கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் 128 பறவைகள் என்று ஒரு கணக்கு. அந்தப் பக்கம், இந்தியாவின் இன்னொரு மூலையில், சாம்பல் சேற்றில் இறால் தேடும் ஒரு குடும்பம். இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தியது யார்?"

சேவண்புல் தம்பி, உங்களை அடையாளம் காட்டுற எதுவும் இருக்காது. ஊர்ப்பெயர் வேண்டாம்னா எடுத்துடறேன்.

---

சேவண்புல் (பதிவு 15)

ஊர் இருக்கட்டும்ணே, பரவாயில்லை. 128ங்கிறது 2018 கணக்குன்னு வருஷம் போடுங்க.

---

பழையகணக்கு (பதிவு 16)

முதல் வரி மூன்றாம் சொல்லைப் பாருங்கள் தம்பி. "தரிசு வெளி".

---

கரிசல்பேனா (பதிவு 17)

ஐயா, இத்தனை பேசியும் என் கையே அப்படி எழுதியிருக்கு. திருத்திட்டேன். "சேவண் புல்வெளியில்". வருஷமும் சேர்த்தாச்சு. நாளைக்குக் காலையில் அனுப்பறேன்.